ஐந்து நாள் காவல்

மடியில் கை பட்டதும் பசு உதைத்தது. செம்பு உருண்டது.

அய்யாவு குனிந்து பார்த்தான். காம்புகளில் மறுபடியும் வெடிப்பு. தோல் சிவந்து, கொப்புளம் உடைந்து, நீர் கசிந்தது.

அவன் மனைவி சீதாலெட்சுமிக்குத் தாய்ப்பால் வற்றி ஒரு மாதம் ஆகிறது. ஏழு மாதக் குழந்தைக்கு இந்தப் பசுவை விட்டால் வேறு பால் இல்லை.

யாரோ எதையோ தடவுகிறார்கள். கள்ளிப்பாலாகத்தான் இருக்கும் என்று கூட வேலை செய்யும் கன்னையா சொல்லியிருந்தான்.

அந்த யாரோ யார் என்பதிலும் அய்யாவுக்குச் சந்தேகமில்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள். தினமும் அரைச் செம்பு பால் கேட்டாள். இவன் இல்லையென்றான். அன்றிலிருந்து அவள் பார்வையே சரியில்லை.

சோதித்தும் பார்த்தாகிவிட்டது. கிள்ளான் பட்டணத்துச் சாக்கடைகளில் கொசு சாக மண்ணெண்ணெய் அடிப்பது அவன் வேலை. காய்ச்சல் என்று பொய் சொல்லி ஐந்து நாள் வேலைக்குப் போகாமல் கொட்டகை வாசலிலேயே காவல் உட்கார்ந்தான்.

பவுனம்மாள் கிட்டே வரவில்லை. புண் ஆறத் தொடங்கியது. பசுவும் அசையாமல் நின்று கறக்கவிட்டது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நேற்று மறுபடி வேலைக்குப் போனான். இன்று மாலை எண்ணெய்த் தகரத்தை இறக்கிவைத்து, வழக்கம்போல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தால், இப்படி.

வேலிக்கு அந்தப் பக்கம் பவுனம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா தம்பி, இன்னைக்குக் காவலுக்கு ஆள் கெடைக்கலையா?"

அய்யாவு கட்டையைக் கையில் எடுத்தான். இன்று பேசித் தீர்ப்பதாக இல்லை.

சீதாலெட்சுமி குறுக்கே வந்து நின்றாள். இடுப்பில் இருந்த குழந்தை அப்பனைக் கண்டதும் தாவியது. அவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. அதன் சட்டையை மேலே தூக்கிக் காட்டினாள்.

தூக்கும்போது கை படுகிற இடத்தில், அக்குளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் சிவந்த தடிப்பு.

"நீங்க வீட்டுல இருந்த அஞ்சு நாளும் இதுவும் ஆறிக்கிட்டுதாங்க வந்துச்சு."

நீட்டிய கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.