சுருங்க மறுத்த டப்பா

அப்னர் டாலிவர் சூளையிலிருந்து எடுத்த இரும்பு டப்பாவைத் திறக்கிறார். மின்விளக்குக்காக அட்டையில் வெட்டி, கரியாகும்வரை சுட்ட இழைகள் இன்றும் ஒன்றுவிடாமல் உடைந்து கிடக்கின்றன. இந்த ப்ரூக்ளின் பட்டறையில் ஆராய்ச்சிக்கென்று தனி மேசை கிடைத்த முதல் கறுப்பர் அவர்; நாளைக்குள் ஒரு முழு இழையாவது வராவிட்டால் மேசை போய்விடும். மூச்சுக்காற்று பட்டாலே இழை நொறுங்கும் என்பதால், இந்த மாதம் முழுக்கப் பெருமூச்சு விடுவதற்குத் தெருவுக்குத்தான் போய்வருகிறார். இன்று இங்கேயே விடுகிறார். இனி உடைய ஒன்றுமில்லை. கரித்தூள் எழும்பி ஜன்னல் வெயிலில் மிதக்கிறது.

மனைவி லவீனியா தொப்பிப் பெட்டியில் சோள ரொட்டியோடு வந்து நிற்கிறாள். “சாப்பாட்டு டப்பாவத்தான் நீங்க சுட்டுட்டிருக்கீங்களே, வேற எதுல கொண்டுவர?” என்கிறாள். “இழையோட ரெண்டு முனையும் டப்பாவுல இறுக்கிப் பொருத்தியிருக்கேன். சூட்டுல இழை சுருங்குது, லவீனியா. டப்பா சுருங்க மாட்டேங்குது. அந்த இழுப்புலதான் அறுந்துபோகுது.” “உங்கள மாதிரியே, விட்டுக்கொடுக்காத டப்பா. போன மழையில என் தொப்பி சுருங்குச்சு, இந்த அட்டைப்பெட்டியும் கூடவே சுருங்குச்சு. ரெண்டுக்கும் சண்டையே இல்ல.” அப்னர் பெட்டியைப் பார்க்கிறார். வெகுநேரம் பார்க்கிறார். அது ரொட்டியைப் பார்க்கும் பார்வை இல்லை. லவீனியா பெட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள்.