அவள் பெயரில்

முகநூலில் முதலில் போனது ஆடு வளர்ப்போர் குழு.

அதில் தன்னை யார் சேர்த்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. ஆயுளில் ஒரு கோழிகூட வளர்த்தவளில்லை. விலகு என்பதை அழுத்தினாள்.

அடுத்து, மனை விற்கிறவர்கள். அப்புறம் முடி கொட்டாமலிருக்க எண்ணெய் விற்கிறவர்கள். அப்புறம், ரோஜாப்பூவைத் தங்கள் முகமாக வைத்துக்கொண்டு தினமும் காலை வணக்கம் போடும் ஊர்பேர் தெரியாத ஆண்கள்.

எல்லாம் காலையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லில்லி டீச்சர் கோயில் வாசலில் வழிமறித்துச் சொன்னதால்.

"அக்கா, ஒங்க பேர்ல கூலிங் கிளாஸ் விளம்பரமா வந்துட்டு இருக்கு. எவனோ உள்ள பூந்துட்டான். மொதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க."

நாலு பேர் முன்னால். மானம் போயிற்று.

வீட்டில் அவளும் மின்விசிறியும்தான். வடித்த சோற்றை மூடிவைத்துவிட்டு, போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

பழைய பாஸ்வேர்டு மகளின் பிறந்தநாள். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவளே பியூலாதான். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று, மெல்போர்னுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பு.

போன இடத்தில் வேற்று மதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சேதியைச் சொன்ன அழைப்பை அம்மா பாதியில் துண்டித்தாள். பிறகு மகள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. முகநூலிலும் மகளின் பதிவுகள் கண்ணில் படாதபடி செய்துவிட்டாள். குழந்தை பிறந்ததுகூட ஊரார் சொல்லித்தான் தெரியும்.

புது பாஸ்வேர்டு போட்டாள். இந்தக் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று போன் காட்டியது.

மூன்று இடம்.

பாளையங்கோட்டை. அது அவள்.

வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊர். கூலிங் கிளாஸ்காரன் அங்கேதான் இருக்க வேண்டும். யோசிக்காமல் வெளியேற்றினாள்.

மெல்போர்ன்.

விரல் நின்றுவிட்டது.

இவள் எதற்கு உள்ளே வருகிறாள்?

தன் பெயரில் இதுவரை எழுதப்பட்டதையெல்லாம் தேடித் திறந்தாள்.

திருமணப் படத்தின் கீழே, அவள் பெயரில்: 'என் ஆசி உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு.'

மசக்கையில் வாடிய முகத்தின் கீழே: 'மெளிந்துவிட்டாய் தங்கமே. வேளைக்குச் சாப்பிடு.'

மெளிந்து. இருபத்தெட்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளின் பெயரில்! முதலில் வந்த கோபம் அந்த 'ளி'க்காகத்தான். பியூலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த எழுத்து பிடிபடாது.

குழந்தையின் முதல் படத்தின் கீழே: 'என் கண்ணே பட்டுவிடும் போல இருக்கிறது.'

ஒவ்வொன்றின் கீழேயும் உடனுக்குடன் பியூலாவின் பதில். 'தேங்க்ஸ்மா. லவ் யூ.'

தானே எழுதி, தானே பதில் சொல்லி.

அவர்களுக்கு நடுவே பத்மாவதி என்றொரு அம்மாள். பியூலாவின் மாமியார். 'சம்பந்தி, நீங்க ஒரு தடவை வரணும். உங்களை மாதிரி ஒரு அம்மா கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்.'

வெட்கம் பிடுங்கித் தின்றது. யாருக்கும் தெரியாமல் அம்மாவை நல்லவளாக்கி வைத்திருக்கிறாள் மகள். யார் கேட்டார்கள்?

மெல்போர்னை வெளியேற்றினாள். கூலிங் கிளாஸ்காரனை வெளியேற்றிய அதே பொத்தான்.

இப்போது கணக்கு அவளுடையது. அவளுடையது மட்டும்.

பழையவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிடலாம் என்று மகளின் பக்கத்துக்குப் போனாள். மேலேயே ஒரு புதுப் படம். சற்றுமுன் போட்டது. பேத்தி சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரையோ பார்த்துச் சிரித்தபடி.

கீழே பத்மாவதி அம்மாள் அதற்குள் கேட்டிருந்தாள். 'சம்பந்தியை எங்கே காணோம்? எப்பவும் முதல் ஆளா வந்துடுவாங்களே.'

அதற்குப் பதில் இல்லை.

அங்கே மகள் உள்ளே நுழைய முயன்றுகொண்டிருப்பாள். பிறந்தநாளை ஒருமுறை, இரண்டுமுறை அடித்துப் பார்ப்பாள்.

பிறகு வந்தது. 'அம்மாவுக்கு அங்கே நெட் கிடைக்கலை அத்தை.'

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறிப்போயிருக்கும்.

எழுத ஆரம்பித்தாள். தங்கமே என்று அடித்து, அழித்தாள். ஆசி என்று அடித்து, அழித்தாள். அவள் எழுத வேண்டியதையெல்லாம் மகளே எழுதித் தீர்த்திருந்தாள்.

கடைசியில், பேசுகிற மாதிரியே அடித்தாள்.

'நெட் வந்துட்டு.'

அனுப்பினாள்.

எப்போதும் உடனுக்குடன் வரும் பதில் வரவில்லை. பத்மாவதி அம்மாள் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். வேறு யாரோ இதயம் போட்டார்கள்.

வெகுநேரம் கழித்து, பியூலாவிடமிருந்து ஒரே ஒரு சொல்.

'அம்மாவா?'