கீழே வைத்தால் அணையும்

கார்பாத்திய மலையிலிருந்து இறங்கி வந்த மரவெட்டி தொவாதெர், மெஷின் ரம்பத்தைத் தொப்பென்று மேஜையில் போட்டார்.

"ஏண்டா கவ்ரில், நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? அறுக்கும்போது நல்லாத்தான் ஓடுது. விசையை விட்டுக் கீழ வச்சா உடனே அணைஞ்சிடுது. இதோட நாலு தடவை வந்துட்டேன்!"

"பழைய மெஷின் அண்ணே, பாக்குறேன்," என்றான் கவ்ரில் அலுப்போடு.

தொவாதெர் திட்டிக்கொண்டே எதிரிலிருந்த பிளம் சாராயக் கடைக்குள் நுழைந்தார். கவ்ரில் திருப்புளியை எடுத்து ஒரு திருகாணியைத் திருகி முடித்ததும், பின்வாசல் வழியாக அவர் மனைவி சாவெட்டா வந்தாள். கையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சு அண்ணி. திருகாணியை இன்னும் கால் சுத்து தளர்த்திட்டேன். கையை எடுத்தா அணைஞ்சிடும்."

"போன வருஷம் குடிச்சிட்டு, ஓடுற மெஷினைக் காலடியில வச்சாரு. பூட்ஸோட ரெண்டு விரல் போச்சு. இன்னும் புத்தி வரல. உனக்குத்தான் கெட்ட பேரு. ரெண்டு பேர் அடுத்த ஊர் மெக்கானிக்கிட்ட போயிட்டாங்களாமே?"

"போகட்டும் அண்ணி." கவ்ரில் கையைத் துடைத்துக்கொண்டான். "நாலு தடவையும் சொந்தக் கால்லதானே நடந்து வந்து திட்டியிருக்காரு!"