மீதிப் பாட்டு

இசைத்தட்டுகளிலிருந்து பொன்னுச்சாமி தானே பொறுக்கிப் பதிந்த கேசட்டில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். நாடா அவ்வளவுதான் இருந்தது. மீதியை அடுப்படியிலிருந்து மனைவி ஜெயராணி பாடி முடிப்பாள். உண்மையைச் சொன்னால், அந்த மீதிக்காகத்தான் அவர் முன்பாதியையே பொறுத்துக்கொண்டார்.

பாதியில் நிற்கும் எதையும் தானே கேட்டு முடித்துக் கொடுக்கும் மின்னணுச் சுவரை மகன் பொருத்திவிட்டுப் போனதிலிருந்து அந்த ஏற்பாடு நடக்கவில்லை. நாடா தீர்ந்ததுமே, மீதியைச் சுவர் பாடகரின் குரலிலேயே பாடி முடித்தது.

"ராணி, நீ பாடேன்."

"ஓசியில சுவரு பாடுறப்ப என் தொண்டை எதுக்கு நோகணும்?"

"அது எவன் குரலோ. எனக்கு உன் குரல்தான் வேணும்."

"ஆமா, இந்த வயசுல கொஞ்சலு ஒண்ணுதான் கொறச்சல்!"

சிரித்தாளே தவிர பாடவில்லை. சுவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பாட்டு அறுந்ததும் ஜெயராணியின் குரல் எழுந்தது, அதே பழைய இழுப்போடு. பொன்னுச்சாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவசரமாக அடுப்படிக்குப் போனார். அவள் வாயை மூடிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டு மட்டும் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க கேட்டது கிடைச்சிருச்சுல்ல?" என்றாள் தலை நிமிராமல். "இனிமேயாவது என்னைய விட்ருங்க."