மடிப்பில்லாத இறக்கை

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

கீழே, ஏர்போர்ட்டை ஒட்டின கொளப்பாக்கத்துத் தெருவை மறித்துப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாவி மனுஷன். ஊருக்கு வருவதென்றால் இப்படியா வருவது?

வேலைக்குப் போன தோஹாவில், அவள் புருஷன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். காலையில் எழுப்பப் போனவர்கள் சொன்னது அவ்வளவுதான்.

மகள் தன்ஷிகாவுக்கு இன்னும் தெரியாது. பந்தல் அப்பா வருவதற்காக என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஒரே குஷி. ஊஞ்சல் மாதிரி அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு.

எத்தனை மணிக்கு வருது? நேரா வீட்டுக்கு வருதா?

வருது. ஆடு மாடு வருவதைப் போல. போன வாரம் வரை வர்றாரு, வர்றாரு என்று சொன்ன அதே வாய்கள்.

அவள் மட்டும் மகளிடம், "அப்பா வர்றாரு" என்றாள். சொன்ன கையோடு மாடிக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

தலைக்கு மேலே பிளேன் போனால் தன்ஷிகா இறக்கையின் நுனியைத்தான் முதலில் பார்ப்பாள். நுனி மேல்நோக்கி மடிந்திருந்தால் அது அப்பா வருகிற பிளேன். அவர் சொல்லிக்கொடுத்த அடையாளம்.

அவருக்கு அங்கே ஏசி குழாய் மாட்டும் வேலை. காற்று எங்கே கசிகிறது என்று தேடுவதே பிழைப்பு. போன லீவில் இதே மாடியில் உட்கார்ந்து விளக்கினார்.

"தாம்பாளத்துக்கு விளிம்பு எதுக்கு? தண்ணி வழியாம இருக்கத்தானே? அதேதான். இறக்கைக்குக் கீழ இருக்கற காத்து, நுனியைச் சுத்திக்கிட்டு மேல ஏறப் பாக்கும். ஏறுச்சுன்னா பிளேனைப் பின்னால இழுக்கும், எண்ணெய் கூடக் குடிக்கும். இந்த மடிப்பு அதைத் தடுக்குது."

"அப்போ சில பிளேனுக்கு இல்லையே?"

கேட்டது மகள் இல்லை, அவள்தான்.

"அதுக்கு இறக்கையே நீளம். நுனி மெலிஞ்சு பின்னால சாஞ்சிருக்கும். மடிப்பு வேணாம். ரொம்ப தூரம் போறவங்க பிளேன் அது, நமக்கெதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எப்போதும் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டில் வந்துபோகிறவர்.

மேற்கே சத்தம் கேட்டது.

பெரிய பிளேன். தாழ்வாக வந்தது. கொடியில் காய்ந்த துணிகள் படபடத்தன.

இறக்கை நீண்டுகொண்டே போனது. நுனி மெலிந்து, பின்னால் சாய்ந்து.

"இது இல்லம்மா," என்றாள் தன்ஷிகா. "மடிப்பு இல்ல. அடுத்ததுல வருவாரு."

ஒரு நொடி அவளும் நம்பினாள்.

அடுத்ததில் வரட்டுமே, கடவுளே. கசங்கின சட்டையோடு, கயிறு கட்டின அட்டைப்பெட்டியோடு, பசிக்குதுடி என்று சொல்லிக்கொண்டு வரட்டுமே.

போன் அடித்தது. ஏர்போர்ட்டில் காத்திருக்கும் கொழுந்தன்.

"வந்துருச்சு, அண்ணி."

"உங்க அண்ணன்டா அவரு! வந்துட்டாருன்னு சொல்லு, தயாளா!"

கத்திவிட்டாள். கீழே பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

போனில் கொழுந்தன் அழுதான். "வந்துட்டாரு, அண்ணி."

தன்ஷிகா ஆட்டிக்கொண்டிருந்த கையை விட்டாள். பிளேன் இறங்கின பக்கம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா இதுலயா வந்தாரு?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"இது ரொம்ப தூரம் போறவங்க பிளேனாச்சேம்மா."

"வா, கீழ போலாம்."

மாடிப்படி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

முதல் படியிலேயே, மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.