கல்லுக்குக் கல்

"வா... வா... விடாதே! கையை வீசுடா!"

பாசி பிடித்த மைல்கல்லின் மேல் ஏறி நின்று கத்தினாள் டெலியா. அவள் கையில் செத்துப்போன அப்பாவின் கடிகாரம். தம்பி லோர்கன் சேறு தெறிக்க ஓடி வந்தான். கல்லைத் தொட்டதும் அப்படியே புல்லில் விழுந்தான்.

"எவ்வளவு?"

டெலியா கடிகாரத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, உன்னைத்தான் கேக்கறேன்!"

"அஞ்சு நிமிஷம்... முப்பத்து மூணு விநாடி."

லோர்கன் கண்களை மூடிக்கொண்டான். ஆறு மாதமாக, மழை என்றும் பார்க்காமல் பனி என்றும் பார்க்காமல் ஓடியதற்கு இதுதானா பலன்?

ஒரு மைலை ஐந்து நிமிடத்துக்குள் ஓட முடியாதவர்கள் மனுப் போடவே வேண்டாம் என்று டப்ளினில் ஓட்டப்பந்தயம் நடத்துபவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மனு அனுப்ப இன்றுதான் கடைசித் தபால். அது போகாவிட்டால் அமெரிக்காவில், பாஸ்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு, 'புறப்பட்டு வருகிறேன்' என்ற கடிதம் போகும். கப்பலேறிவிட்டால் அப்புறம் ஓட்டமும் இல்லை, ஊரும் இல்லை. இரண்டு உறைகளும் டெலியாவின் பையில் இருந்தன.

"அஞ்சு நிமிஷம்னே எழுதிடேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள் டெலியா.

"பொய் சொல்லிட்டுப் போயி, அங்க கடைசி ஆளா வந்து நிக்கவா? ஊரே காறித் துப்பும்."

"போன மாசம் அந்தப் போலீஸ்காரனை இருபது கெஜம் பின்னால விட்டியே! அவன் டப்ளின்ல மெடல் வாங்கினவன்டா!"

"வயிறு முட்டப் பன்னிக்கறியும் முட்டைக்கோசும் தின்னுட்டு வந்து ஓடினான். நீ சும்மா இரு அக்கா."

வளைவில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் பாட்ஸி வந்து ஒரு காலை ஊன்றி நின்றார். லோர்கன் எழுந்து அக்காவின் பையிலிருந்து இரண்டு உறைகளையும் உருவினான். பாஸ்டன் கடிதத்தை அவரிடம் நீட்டினான். டப்ளின் மனுவைக் கையிலேயே கசக்கினான். டெலியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பாஸ்டனா? அடேய், சாராயக்கடையில உன் காலைப் பத்தித்தானே தினமும் பேச்சு!"

"காலு சரியில்ல அண்ணே. ஒரு மைலுக்கு அஞ்சரை நிமிஷம் ஆவுது."

"ஐயோ பாவம்" என்று கடிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெடலை மிதிக்கப்போன பாட்ஸி, சட்டென்று திரும்பினார்.

"ஆமா, எந்த மைலு?"

"பாலத்துக் கல்லுலேருந்து இதோ, இந்தக் கல்லு வரைக்கும்."

"இயேசு மரி சூசையே!" பாட்ஸி சைக்கிளைக் கீழே போட்டார். "மடப்பயலே, இது நம்ம பாட்டன் காலத்து ஐரிஷ் மைலுடா! டப்ளின்காரன் ஓடுறது இங்கிலீஷ் மைலு. அதைவிட இது நானூத்தி எண்பது கெஜம் நீளம்! தபாலாபீஸ்ல எனக்குப் படி குடுக்கிறது அந்தக் குட்டை மைலுக்கு, நான் மிதிக்கிறது இந்த நெட்டை மைலு. அந்த வயித்தெரிச்சல் எனக்குல்ல தெரியும்! கணக்குப் பாத்தா, அவன் மைலை நீ நாலரை நிமிஷத்துக்கும் உள்ளேயே ஓடியிருக்கேடா!"

டெலியா ஒரே தாவலில் அவர் பைக்குள் கைவிட்டுப் பாஸ்டன் கடிதத்தைப் பிடுங்கினாள். லோர்கன் அந்தப் பாழாய்ப்போன கல்லின் மேலேயே கசங்கிய மனுவை வைத்து, நீவி நீவி விரித்தான்.