கிடங்கு வாசலில் தொங்கிய மரம்

காற்றில் விழுந்த மரம் பக்கத்து மரத்தின் கிளையில் சிக்கி, கிடங்கு வாசலை மறித்துத் தொங்கியது.

“அடியில யாரும் போகக்கூடாது சார். மேல ஏறி வெட்டவும் கூடாது. அடிமரத்துல கம்பிக் கயிறு கட்டி, தூரத்துல நின்னு மெதுவா இழுக்கணும்” என்றார் மரம்வெட்டி.

“தாராளமா மெதுவாவே செய்ங்க. நாலு நாள் ஆனாலும் பரவாயில்ல. உயிர்தான் முக்கியம்” என்றார் கிடங்கு மேலாளர்.

மரம்வெட்டிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இருபது வருடத் தொழிலில், ‘சட்டுபுட்டுனு ஏறி வெட்டுய்யா’ என்று விரட்டியவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இப்பேர்ப்பட்ட தங்கமான மனிதரைக் காக்க வைக்கலாமா? மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கயிற்றைப் பூட்டி இழுத்தார். மரம் அலுங்காமல் தரைக்கு வந்தது.

மேலாளர் திரும்பி வந்தபோது கிடங்கு திறந்து கிடந்தது. சரக்கைச் சரிபார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து, இரண்டு நாளாக மரத்தைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட அதிகாரி கையில் மாற்றுச் சாவியோடு உள்ளே நின்றிருந்தார். ஒரு மூட்டைகூட இல்லை.

“சரக்கெல்லாம் எங்கய்யா?”

மேலாளர் வெளியே கிடந்த மரத்தைக் காட்டினார்.

“மரம் விழுற மாதிரி இருந்துச்சு சார். பாதுகாப்பைக் கருதி, எல்லாத்தையும் முன்னாடியே அப்புறப்படுத்திட்டேன்.”